லைம் கிருமியை உடம்பு பார்த்துவிடுகிறது, அப்புறம் ஏன் நோய்?

கேள்வி இதுதான்: உண்ணி கடித்து லைம் நோய்க் கிருமி உள்ளே வந்ததும் உடம்பின் பிறவி நோயெதிர்ப்பு என்ன செய்கிறது? கிருமியை அது அடையாளம் காண்கிறதா? காண்கிறது என்றால் ஏன் அங்கேயே கதையை முடிப்பதில்லை? கூடவே ஒரு துணைக்கேள்வி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொண்டால் இந்த நோயிலிருந்து தப்பிக்கலாமா?

அடையாளம் காண்கிறது, நன்றாகவே காண்கிறது. ஏராளமான கிருமிகளைக் கொல்லவும் செய்கிறது. ஆனால் கடைசிக் கிருமி வரை துரத்திப் பிடிக்க அதனால் முடிவதில்லை. துணைக்கேள்விக்கு வந்தால், இந்த நோயில் மனிதர் படுகிற அவதியில் பெரும்பங்கு கிருமி நேராகச் செய்வதல்ல, கிருமியைப் பார்த்து நம் உடம்பு போடுகிற ஆர்ப்பாட்டம். அதனால் "கூட்டிக்கொள்வது" என்ற யோசனையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

பிறவி நோயெதிர்ப்பு என்பதற்கு ஒரு வரி விளக்கம் சொல்லிவிடுகிறேன். முன்பின் பார்த்திராத கிருமியையும், கிருமி இனத்துக்கே உரிய பொதுவான அடையாளங்களை வைத்து, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தாக்கும் பகுதி அது. தோல், ரத்தத்தில் மிதக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல் எல்லாம் அதில் சேர்த்தி. இன்னொரு பகுதி பாடம் கற்கும் பகுதி. டி செல், பி செல், ஆன்டிபாடி எல்லாம் அந்தப் பக்கம். அது தயாராக வாரக்கணக்கில் ஆகும். லைம் நோயில் ஆரம்ப நாட்களில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை அடிக்கடி "இல்லை" என்று வருவதற்கு இதுவே காரணம். அந்தப் பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, ஆன்டிபாடியை. அது அப்போது இன்னும் போதுமான அளவு உருவாகியிருக்காது. முதல் சில வாரப் போராட்டம் பிறவி நோயெதிர்ப்பின் தலையில்தான் விழுகிறது.

எதிராளி யார் என்று பார்ப்போம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 1975 வாக்கில் நிறையக் குழந்தைகளுக்கு மூட்டு வீக்கம் வந்ததை அங்கிருந்த தாய்மார்கள் கவனித்துச் சொன்னார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் குழு அதை ஆராய்ந்தது. நோய்க்கு ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. காரணக் கிருமியை உண்ணியின் குடலில் 1981-ல் கண்டவர் மொன்டானாவில் ராக்கி மவுன்டன் ஆய்வகத்தில் வேலை செய்த வில்லி பர்க்டோர்ஃபர். கிருமிக்கு அவர் பெயரையே வைத்து பொரெலியா பர்க்டோர்ஃபெரி என்றார்கள். ஐரோப்பாவில் அதன் உறவினர்களான பொரெலியா அஃப்செலி, பொரெலியா கரினி இரண்டும் அதிகம்.

பார்க்க மெல்லிய நூல் மாதிரி இருக்கும். நீளம் 10 முதல் 30 மைக்ரான், தடிமன் 0.3 மைக்ரானைத் தாண்டாது. ஸ்பிரிங் போலச் சுருண்டது என்று எல்லோரும் எழுதுவார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது தட்டையான அலை, பாம்பு தரையில் நெளிவதைப் போல. அதை நெளியவைக்கும் கசையிழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் வெளிச்சவ்வுக்கும் உட்சுவருக்கும் இடையில் ஒளிந்திருக்கின்றன. இது அழகுக்காகச் சொல்லும் விவரம் அல்ல. பல பாக்டீரியாக்களில் கசையிழைப் புரதம்தான் நம் உடம்புக்குக் கிடைக்கும் முதல் துப்பு. இதில் அந்தத் துப்பு உறைக்குள் இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். டைஃபாய்டு கிருமி போன்றவற்றின் வெளிச்சவ்வில் எல்.பி.எஸ். என்ற கொழுப்பு-சர்க்கரைப் பொருள் இருக்கும். நம் செல்கள் அதைக் கண்டால் கொதித்தெழும். லைம் கிருமியிடம் அது கிடையாது. அடுத்து, உடம்பு கிருமிகளைப் பட்டினி போட இரும்புச்சத்தைப் பூட்டிவைக்கும் பழக்கம் உள்ளது. இந்தக் கிருமியோ இரும்பே இல்லாமல், மாங்கனீஸை வைத்துக் காலம் தள்ளுகிறது. அந்தப் பூட்டு இங்கே பலிப்பதில்லை. நச்சுப்பொருள் எதையும் அது சுரப்பதாகவும் தெரியவில்லை. அதன் மரபணுத் தொகுப்பை 1997-ல் முழுதாகப் படித்தபோது, மற்ற நோய்க்கிருமிகளிடம் சாதாரணமாகக் கிடைக்கும் நச்சு மரபணுக்கள் தென்படவில்லை. அதற்குப் பதிலாக நூற்றுக்கு மேற்பட்ட லிப்போபுரதங்களுக்கான, அதாவது கொழுப்பு ஒட்டிய புரதங்களுக்கான, மரபணுக்கள் இருந்தன. இந்த லிப்போபுரதங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சரி, இப்போது கடி. நோயைப் பரப்புவதில் முக்கியப் பங்கு உண்ணியின் நடுப்பருவக் குஞ்சுக்கு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். தோலை அறுத்து, முட்கள் நிறைந்த ஈட்டி போன்ற உறுப்பை உள்ளே செலுத்தி, மூன்று நாள் நான்கு நாள் அங்கேயே உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். கொசு மாதிரி குத்திவிட்டு ஓடுவதில்லை. இத்தனை நாள் ஒரு அந்நியப் பொருள் தோலில் குத்திக்கொண்டிருந்தால் அரிக்க வேண்டும், சிவக்க வேண்டும், நாம் தட்டிவிட வேண்டும். அப்படி நடந்தால் உண்ணிக்குப் பிழைப்பு இல்லை. ஆகவே அதன் எச்சில் ஒரு மருந்துக்கடையாகவே பரிணமித்திருக்கிறது. அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமினைப் பிடித்துவைக்கும் புரதம், ரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதம், காம்ப்ளிமென்ட்டை முடக்கும் புரதம், நியூட்ரோஃபில்களின் பிடிமானத்தைத் தளர்த்தும் புரதம் என்று வரிசையாக இருக்கின்றன.

உண்ணி இதையெல்லாம் செய்வது தனக்காக. கிருமி அதில் ஓசியில் பயணம் செய்கிறது. சால்ப்15 என்ற எச்சில் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டென்ட்ரிடிக் செல்களின் எச்சரிக்கைக் குரலை அது மட்டுப்படுத்துகிறது, டி செல்கள் விழிப்பதையும் தடுக்கிறது. லைம் கிருமி தன் மேற்பரப்பில் உள்ள ஆஸ்ப்-சி என்ற லிப்போபுரதத்தின் மேல் இந்த உண்ணிப் புரதத்தை அப்பிக்கொண்டு உள்ளே வருகிறது. அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுகிற கதை.

ஆஸ்ப்-சி-யும் எப்போதும் இருப்பதில்லை. பசியோடு காத்திருக்கும் உண்ணியின் குடலில் கிருமி ஆஸ்ப்-ஏ என்ற வேறொரு புரதத்தை அணிந்து, அதைக் கொண்டு குடல் சுவரில் ஒட்டியிருக்கிறது. சூடான ரத்தம் வந்து விழுந்ததும் உடையை மாற்றத் தொடங்குகிறது. ஆஸ்ப்-ஏ குறைந்து ஆஸ்ப்-சி கூடுகிறது. பெருகி, குடலைத் தாண்டி, எச்சில் சுரப்பிக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். கடித்த உண்ணியை 24 மணி நேரத்துக்குள் பிடுங்கிவிட்டால் லைம் நோய்க்கான வாய்ப்பு வெகுவாகக் குறைவது இந்த உடை மாற்றும் தாமதத்தால்தான்.

முதல் மோதல் நம் தோலில் நடப்பதாக நினைப்போம். உண்மையில் அது உண்ணியின் வயிற்றுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. குடித்த ரத்தத்தோடு காம்ப்ளிமென்ட் புரதங்களும் உள்ளே போகின்றன. இவை சங்கிலி போல ஒன்றையொன்று தூண்டும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள். கிருமியின் மேல் சி3பி என்ற துண்டு வந்து ஒட்டும். அது முத்திரை. முத்திரை குத்தப்பட்ட கிருமியை விழுங்கும் செல்கள் சுலபமாக விழுங்கும். சங்கிலி கடைசிவரை ஓடினால் கிருமியின் சவ்வில் ஓட்டை விழுந்து செத்துப்போகும். நம் சொந்தச் செல்கள் மேலும் சி3பி ஒட்டத்தான் செய்கிறது. ஆனால் காரணி எச் என்ற ரத்தப் புரதம் நம் செல்களின் மேற்பரப்பில் உட்கார்ந்து, "இவன் நம்ம ஆள்" என்று சொல்லிச் சங்கிலியை அறுத்துவிடும்.

லைம் கிருமி செய்வது எளிய திருட்டு. காரணி எச்-சைப் பிடித்துத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. இதற்கென்றே சி.எஸ்.பி.-ஏ, சி.எஸ்.பி.-இசட், ஆஸ்ப்-ஈ குடும்பம் என்று பல புரதங்கள் வைத்திருக்கிறது. சி.எஸ்.பி.-ஏ முக்கியமாக உண்ணிக்குள் இருக்கும்போது வேலை செய்கிறது. அது இல்லாத கிருமி, உண்ணி குடித்த ரத்தத்திலேயே அழிந்துபோகிறது. மற்றவை நம் உடம்புக்குள் கைகொடுக்கின்றன. இது போதாதென்று பி.பி.கே.32 என்ற இன்னொரு புரதம், ஆன்டிபாடி வழியாகத் தொடங்கும் காம்ப்ளிமென்ட் பாதையின் முதல் படியான சி1ஆர் என்சைமையே கெட்டியாகப் பிடித்து நிறுத்துகிறது. ஒரே ஒரு பாதைக்கு ஒரு பூட்டு என்றில்லாமல், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பூட்டு வைத்திருக்கும் கிருமி இது.

இந்தத் திருட்டு எல்லா விலங்கிடமும் பலிக்காது. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான். கலிஃபோர்னியாவில் மேற்கத்திய வேலிப் பல்லி என்று ஒரு பல்லி இருக்கிறது. உண்ணிக் குஞ்சுகள் அதன் கழுத்து மடிப்பில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஆனால் அந்தப் பல்லிக்கு லைம் தொற்று நிலைப்பதில்லை. அதைவிட வேடிக்கை, கிருமியோடு வந்த உண்ணியே பல்லி ரத்தத்தைக் குடித்த பிறகு கிருமி நீங்கிப்போகிறது. பெர்க்லியில் ராபர்ட் லேனும் கேரி குவிஸ்டாடும் 1998-ல் இந்த ரத்தத்தின் கொல்லும் குணத்தை வெளியிட்டார்கள். அதன் காரணம் பல்லியின் காம்ப்ளிமென்ட்தான் என்று அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. மான் ரத்தமும் அப்படியே கிருமியைக் கொல்லும். மான்கள் உண்ணிகளைப் பெருக்குமே தவிர உண்ணிகளுக்குக் கிருமியைக் கொடுப்பதில்லை. மறுபக்கம் வெண்பாத எலி இருக்கிறது. அதன் உடம்பில் கிருமி சௌகரியமாகக் குடியிருக்கும், எலிக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. எந்தப் பொரெலியா இனம் எந்த விலங்கில் வாழும், பறவையிலா கொறிவிலங்கிலா என்பதைக்கூடப் பெரும் அளவுக்கு அந்த விலங்கின் காம்ப்ளிமென்ட்டே தீர்மானிக்கிறது. பல்லியிடமும் நம்மிடமும் இருப்பது ஒரே வகை ஆயுதம். வித்தியாசம், நம் ஆயுதத்தின் சாவி கிருமி கையில் இருக்கிறது.

காம்ப்ளிமென்ட்டைத் தாண்டித் தோலுக்குள் வந்தாயிற்று. இப்போதுதான் லிப்போபுரதங்கள் காட்டிக்கொடுக்கின்றன. இந்தப் புரதங்கள் ஒவ்வொன்றின் முனையிலும் மூன்று கொழுப்புவால்கள் இருக்கும். அவற்றைச் சவ்வில் செருகித்தான் புரதம் நிற்கிறது. நம் மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல்களின் மேற்பரப்பில் டி.எல்.ஆர்.2, டி.எல்.ஆர்.1 என்று இரண்டு ஏற்பிகள், அதாவது கிருமியின் அடையாளத்தைப் பிடிக்கும் புரதங்கள், ஜோடியாக வேலை செய்கின்றன. மூன்று வாலில் இரண்டு டி.எல்.ஆர்.2-வின் குழிக்குள் போகும். மூன்றாவது டி.எல்.ஆர்.1-ன் இடுக்கில் நுழையும். வால்கள் இரண்டு ஏற்பியையும் ஒன்றாகக் கட்டிப்போடுகின்றன. அந்த இறுக்கமே அலாரம். செல்லுக்குள் மைடி88 என்ற இணைப்புப் புரதம் வழியாகச் செய்தி போய், டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 என்று அழற்சிச் செய்திகள் வெளியே கொட்டும். எல்.பி.எஸ். இல்லை என்று தப்பித்த கிருமி, நூற்றுக்கு மேற்பட்ட வகை லிப்போபுரதம் வைத்திருந்து மாட்டிக்கொள்கிறது.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. ஆஸ்ப்-ஏ-வைக் கொண்டு செய்த லைம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2002-ல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தத் தடுப்பூசியைப் போட்டும் ஆன்டிபாடி சரியாக உருவாகாத சிலரை ஆராய்ந்தபோது, அவர்கள் செல்களின் மேல் டி.எல்.ஆர்.1 குறைவாக இருந்தது தெரியவந்தது. பிறவி நோயெதிர்ப்பு முதலில் கத்தினால்தான் பாடம் கற்கும் பகுதி காது கொடுக்கும் என்பதற்கு மனிதர்களிலேயே கிடைத்த சாட்சி அது.

வெளியே அடிக்கும் இந்த அலாரம் பாதிதான். உண்மையான இரைச்சல், கிருமியை விழுங்கிய பிறகு கிளம்புகிறது. மேக்ரோஃபேஜ் இதை விழுங்கும் விதம் விசித்திரமானது. மேக்ரோஃபேஜின் குறுக்களவு சுமார் 20 மைக்ரான். கிருமியோ அதே அளவு, சில சமயம் அதைவிட நீளம். வாயைவிட நீளமான கயிற்றை எப்படி விழுங்குவது? செல்லிலிருந்து விரல் போன்ற மெல்லிய நீட்சிகள் வந்து நெளியும் கிருமியைத் தொட்டுப் பிடிக்கின்றன. அப்புறம் ஒரு நீட்சி கிருமியைச் சுற்றிச் சுற்றிச் சுருண்டுகொள்கிறது. இதைச் சுருள் விழுங்கல் என்று சொல்லலாம். சாதாரணப் பாக்டீரியாவை இருபுறமும் சவ்வை உயர்த்தி மூடிப்போடும் வழக்கமான முறை இல்லை இது. உள்ளே இழுத்ததும் நீண்ட கயிறு இறுக்கிச் சுருட்டப்பட்டு உருண்டையாகிறது. பின் செரிமானப் பைகள் வந்து இணைந்து கரைத்துவிடுகின்றன. நுண்ணோக்கியில் இதைப் படம்பிடித்தவர்களின் காணொளிகளில், பிடிபட்ட கிருமி ஒரு முனையில் மாட்டிக்கொண்டு மறுமுனையால் துடிப்பதைப் பார்க்கலாம். சில தப்பித்தும் போகும்.

கரையும்போது கிருமிக்குள் ஒளிந்திருந்தவை எல்லாம் வெளியே வருகின்றன. அதன் ஆர்.என்.ஏ., டி.என்.ஏ., உட்சுவரான பெப்டிடோகிளைக்கான் எல்லாம் இதில் அடக்கம். செல்லின் உட்பைகளில் காத்திருக்கும் டி.எல்.ஆர்.8 ஆர்.என்.ஏ.-வைப் பிடிக்கிறது. அதன் விளைவாக மனித மோனோசைட்டுகள் (ரத்தத்தில் சுற்றும் ஒரு வகை வெள்ளணுக்கள்) இன்டர்ஃபெரான்-பீட்டா என்ற செய்திப் புரதத்தைச் சுரக்கின்றன. இன்டர்ஃபெரான் என்றாலே வைரஸ் ஞாபகம் வரும். ஒரு பாக்டீரியாவுக்கு எதிராக அதைச் சுரப்பது கொஞ்சம் இடறலான விஷயம், பின்னால் மூட்டைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும். சுவர்த் துண்டுகளை செல்லுக்குள் இருக்கும் நாட்2 என்ற ஏற்பி பிடிக்கிறது. ஆக ஒரே கிருமி மூன்று நான்கு கதவுகளை ஒரே சமயத்தில் தட்டுகிறது. சுத்தம் செய்த லிப்போபுரதத்தை மட்டும் செல்கள் மேல் ஊற்றினால் வரும் எதிர்வினையைவிட, உயிருள்ள கிருமியை விழுங்கிய செல்லின் எதிர்வினை பெரிதாக மட்டுமல்ல, வேறு மாதிரியாகவும் இருப்பது இதனால்தான்.

நியூட்ரோஃபில்கள் எங்கே போயின என்று கேட்கலாம். பாக்டீரியா என்றால் முதல் ஆளாக ஓடிவருபவை அவைதானே. வருகின்றன. கிருமியைக் கொல்லும் சரக்கும் அவற்றிடம் இருக்கிறது. ஆக்சிஜன் ரசாயனங்கள், எலாஸ்டேஸ் என்சைம், துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் கால்புரோடெக்டின், கடைசியில் தன் டி.என்.ஏ.-வையே வலையாக வீசுவது எல்லாம் உண்டு. ஆனால் லைம் நோயின் தோல் தடிப்பில் துண்டெடுத்துப் பார்த்தால் நியூட்ரோஃபில் அவ்வளவாக இருக்காது. உண்ணி எச்சில் அவற்றின் காலை வாருகிறது என்பது ஒரு காரணம். கிருமியின் ஓட்டம் இன்னொரு காரணம். தோலின் பசை போன்ற திசுவுக்குள் இது நியூட்ரோஃபிலைவிடப் பல மடங்கு வேகமாக நீந்தும். போலீஸ் வந்து சேரும்போது திருடன் அடுத்த தெருவில் இருப்பான்.

நியூட்ரோஃபில்கள் சரியான நேரத்தில் வந்திருந்தால்? 2007-ல் வெளியான ஒரு சோதனை இதைச் சோதித்தது. எலிகளில் நியூட்ரோஃபிலை அழைக்கும் கே.சி. என்ற செய்திப் புரதத்தைக் கிருமியே சுரக்கும்படி அதன் மரபணுவை மாற்றினார்கள். அதாவது திருடன் கையில் சைரன் கொடுத்து அனுப்பினார்கள். எலிகளுக்குத் தொற்றை உண்டாக்கும் திறன் அந்தக் கிருமிக்குப் பெருமளவு போய்விட்டது. முதல் நாட்களில், கடித்த இடத்தில், போதுமான நியூட்ரோஃபில் வந்தால் கதை அங்கேயே முடியக்கூடும் என்று இது காட்டியது. ஆனால் மூட்டில் அதே நியூட்ரோஃபில்கள் வேறு முகம் காட்டுகின்றன. அவற்றை மூட்டுக்குள் அழைக்கும் சி.எக்ஸ்.சி.ஆர்.2 ஏற்பி இல்லாத எலிகளில் மூட்டு வீக்கம் குறைந்தது. தோலில் காவலர், மூட்டில் கலவரக்காரர்.

கல்லீரலில் இருக்கும் குப்ஃபர் செல்களையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் மிதந்து வரும் கிருமிகளை அவை எட்டிப் பிடித்து, கிருமியின் ஒரு கொழுப்புப் பொருளை ஐ.என்.கே.டி. செல்கள் என்ற ரோந்துச் செல்களிடம் காட்டுகின்றன. எலிகளில் இந்த ஏற்பாடு கிருமி பரவுவதைக் கட்டுப்படுத்துகிறது.

இனி மையக் கேள்விக்கு வருவோம். இந்த ஏற்பாடெல்லாம் உண்மையில் எவ்வளவு உதவுகிறது? டி.எல்.ஆர்.2 இல்லாத எலிகளுக்குத் தொற்று ஏற்படுத்தினால், திசுக்களில் கிருமியின் எண்ணிக்கை சாதாரண எலியைவிட 100 மடங்கு வரை கூடுகிறது. மைடி88 இல்லாத எலிகளில் 250 மடங்கு வரை. ஆக பிறவி நோயெதிர்ப்பு சும்மா இருப்பதில்லை, எண்ணிக்கையைப் பிடித்து அமுக்கி வைத்திருப்பதே அதுதான். இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, இந்த எலிகளிலும் மூட்டு வீக்கம் வந்தது. அலாரத்தின் முக்கிய ஒயரை அறுத்தும் வீக்கம் நிற்கவில்லை, ஏனென்றால் அழற்சிக்கு வேறு பாதைகளும் உண்டு.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு இதுவே எல்லாவற்றிலும் தெளிவான பாடம். இன்டர்லூக்கின்-10 என்பது அழற்சிக்கான பிரேக். அதை நீக்கிய எலிகளில் எதிர்ப்பு கட்டவிழ்ந்து ஓடியது. கிருமிகளின் எண்ணிக்கை சுமார் 10 மடங்கு குறைந்தது. மூட்டு வீக்கமோ அதிகமானது. கிருமி குறைவு, நோய் அதிகம்! இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். டி செல்லும் பி செல்லும் அறவே இல்லாத எலிகளிலும் மூட்டு வீக்கம் வருகிறது, தானாக ஆறுவதும் இல்லை. வீக்கத்தைத் தொடங்கிவைக்கப் பிறவி நோயெதிர்ப்பு ஒன்றே போதும். அதை அணைக்கத்தான் ஆன்டிபாடி வந்து கிருமியைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

மனிதரில் இதை முதலில் கண்ணால் பார்ப்பது தோலில். கடித்த இடத்தைச் சுற்றி 3 முதல் 30 நாட்களுக்குள் வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்பு வரும். நோயாளிகளில் 70 முதல் 80 சதவீதம் பேருக்கு இது வருகிறது. அந்தச் சிவப்பு கிருமியின் நிறமோ கிருமி அரித்த புண்ணோ அல்ல. கிருமிகள் நடுவிலிருந்து வெளிப்புறமாக நீந்திப் பரவ, அவற்றைப் பின்தொடர்ந்து ரத்தக்குழாய்கள் விரிகின்றன, செல்கள் வந்து குவிகின்றன. வட்டத்தின் விளிம்பு நாளுக்கு நாள் நகர்வதைப் பேனாவால் குறித்துப் பார்த்தால், பிறவி நோயெதிர்ப்பு துரத்திக்கொண்டு போகும் தடத்தைத்தான் குறிக்கிறோம். சிலருக்கு நடுப்பகுதி தெளிந்து வளையம் போலத் தெரியும். எல்லோருக்கும் அப்படி வராது, முழுதும் சிவந்த தடிப்பே அதிகம். வளையம் இல்லையே, லைம் இருக்காது என்று விட்டுவிடுவது ஆபத்தான தவறு.

மருந்து கொடுத்ததும் இன்னொரு காட்சி. ஆன்டிபயாடிக் தொடங்கிய முதல் 24 மணி நேரத்தில் சுமார் 15 சதவீதம் பேருக்குக் காய்ச்சலும் குளிரும் கூடி, தடிப்பும் கொஞ்சம் மோசமாகும். பலர் ஒவ்வாமை என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். கிருமிகள் கும்பலாகச் செத்து லிப்போபுரதங்களைக் கொட்ட, டி.எல்.ஆர். அலாரங்கள் ஒரே நேரத்தில் அடிப்பதால் வருவது அது. யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று பெயர். ஓரிரு நாளில் அடங்கிவிடும். வந்திருப்பது ஒவ்வாமையா, இந்த எதிர்வினையா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது.

கடைசியாக மூட்டு. அமெரிக்காவில் சிகிச்சையே எடுக்காத நோயாளிகளில் சுமார் 60 சதவீதம் பேருக்கு மாதங்கள் கழித்து மூட்டு வீக்கம் வந்தது, பெரும்பாலும் முழங்காலில். ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஒரு சிலருக்கு மட்டும் கிருமி போன பிறகும் வீக்கம் மாதக்கணக்கில் தொடரும். இவர்களைப் பற்றித்தான் கேள்வி கேட்டவருக்கு உண்மையான கவலை இருக்கும் என்று நினைக்கிறேன்.

இவர்களின் மூட்டுத் திரவத்தில் இன்டர்ஃபெரான்-காமாவும் அதைச் சார்ந்த செய்திப் புரதங்களும் மிக உயர்ந்து இருக்கும். எலிகளிலும், கடுமையான மூட்டு வீக்கம் வரும் சி3எச் இனத்தில், நாம் முன்பு பார்த்த வைரஸ் வகை இன்டர்ஃபெரான் முதல் வாரத்திலேயே மூட்டில் எகிறுகிறது. அதைத் தடுத்தால் வீக்கம் குறைகிறது. வீக்கம் லேசாக மட்டும் வரும் பிளாக்6 இனத்தில் அந்த எகிறல் இல்லை. இரண்டு இனத்தையும் பாதிப்பது ஒரே கிருமிதான். மனிதரிலும் பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது. டி.எல்.ஆர்.1 செல்லின் மேற்பரப்புக்கே வராமல் போகும் ஒரு மரபணு மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் சாதாரணம். மருந்துக்கு அடங்காத மூட்டு வீக்கம் உள்ளவர்களிடம் அது இன்னும் கூடுதலாகக் காணப்பட்டது. ஏற்பி குறைந்தால் அழற்சியும் குறையும் என்று எதிர்பார்ப்போம், நடந்தது தலைகீழ்.

அப்படியானால் கிருமி போன பிறகும் எதைப் பார்த்து உடம்பு கத்துகிறது? இதற்கு ஒரு நல்ல துப்பு 2019-ல் வந்தது. பிரான்டன் ஜூட்ராஸும் சகாக்களும், லைம் மூட்டு நோயாளிகளின் மூட்டுத் திரவத்தில் கிருமியின் பெப்டிடோகிளைக்கான் துண்டுகள் இருப்பதைக் கண்டார்கள், ஆன்டிபயாடிக் முடித்தவர்களிடமும்கூட. பல பாக்டீரியாக்கள் வளரும்போது உதிரும் சுவர்த் துண்டுகளைப் பொறுக்கி மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். லைம் கிருமிக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் தன் சுவரில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை வெளியே கொட்டிவிடுகிறது. அந்தச் சுவரின் வேதியமைப்பும் அபூர்வமானது, ஆர்னிதின் என்ற அமினோ அமிலம் கொண்டது. சுத்தம் செய்த அந்தச் சுவர்ப் பொருளை மட்டும் எலிகளுக்குச் செலுத்தியபோது ஒரே நாளில் மூட்டு வீங்கியது. கிருமி ஒன்றுகூட அதில் இல்லை.

இப்போது துணைக்கேள்வி. எதிர்ப்பு சக்தியைக் "கூட்டும்" மாத்திரையும் பொடியும் லைம் நோயாளிகளைக் குறிவைத்து நிறைய விற்கிறார்கள். எதைக் கூட்டுவதாகச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காம்ப்ளிமென்ட்டையா? அதன் சாவி கிருமியிடம் இருக்கிறது. நியூட்ரோஃபிலையா? தோலில் முதல் மூன்று நாள் கூடினால் லாபம், மூட்டில் மூன்றாம் மாதம் கூடினால் நஷ்டம். டி.எல்.ஆர்.2-வின் அலாரத்தையா? அது ஏற்கெனவே அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இடத்தையும் நேரத்தையும் பார்த்து வேலை செய்யும் பொடி எதுவும் கிடையாது. உண்ணியை அன்றே பிடுங்குவதும், தடிப்பு வந்தால் தாமதிக்காமல் ஆன்டிபயாடிக் தொடங்குவதும்தான் பயன் தரும். கிருமியை வேகமாகக் குறைத்தால் அலாரமும் தானாகக் குறையும்.

அதற்கும் அடங்காத அந்தச் சிலருக்கு மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வாய்வழி ஆன்டிபயாடிக், அது போதாவிட்டால் நரம்பு வழி ஆன்டிபயாடிக். இரண்டும் முடிந்த பிறகும் முழங்கால் வீங்கியே இருந்தால், மேலும் மேலும் ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. மூட்டு நிபுணரிடம் அனுப்புகிறார்கள். அவர் எழுதித் தருவது மெதோட்ரெக்சேட் போன்ற, நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து.